வராதவர்கள் பட்டியல் நம் பங்கில் யாரிடம் இருக்கிறது?

பங்கில், அதாவது ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், எந்தப் பணியை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும். இந்த ஞாயிறு முதல் வாசகம் யார், பதிலுரைப் பாடல் யார், பீடச் சிறுவர்களைப் பழக்குவது யார், காணிக்கை எண்ண உட்காருவது யார், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது யார் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. ஒருவர் வர முடியாவிட்டால் மாற்று ஆள் தேட வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. நல்லது. ஆனால், "கொஞ்ச மாதங்களாக ஞாயிறு திருப்பலியில் காணாமல் போனவர்கள் யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. "அவரா... ஆமாம், கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லையே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வராதவர்களைத் தேடிப் போவதுதான் ஒரு பங்கின் முதல் தொண்டுப் பணி என்று நான் நினைக்கிறேன். மற்ற எல்லாப் பணிகளுக்கும் ஆள் சேர்த்த பிறகு, நேரம் மிச்சம் இருப்பவர்கள் தலையில் கட்டும் வேலையாக அது இருக்கக் கூடாது.

வழிபாட்டுப் பணிகளைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் வாசகம் வாசிக்கிறவன்தான். முந்தின நாளே பகுதியைப் படித்து, எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பெயர் நாக்கில் இடறும் என்று பார்த்துவைத்துக்கொண்டு போகிறவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். 1963 டிசம்பர் 4 அன்று, உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இறைமக்கள் அனைவரும் முழுமையாக, உணர்ந்து, ஈடுபாட்டோடு வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்றது. இன்று குருவோ துறவியோ அல்லாத இத்தனை பொதுநிலையினர் வாசக மேடையிலும் பாடகர் குழுவிலும் நிற்பதற்கு அந்தப் பார்வை பெரிய காரணம். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்ற நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். இவை எல்லாம் திருச்சபைக்குக் கிடைத்த கொடைகள். ஆனால் இதற்கிடையே ஒரு தவறான எண்ணமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. பங்கேற்பது என்றால் பீடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வேலை செய்வது என்று நினைக்கிறோம். சங்கம் அப்படிச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து மனம் ஒன்றிச் செபிக்கிறவரும் முழுமையாகத்தான் பங்கேற்கிறார். அந்தக் கடைசி வரிசைக்குக்கூட வர முடியாதவர் எப்படிப் பங்கேற்பார்? அதுதான் என் கேள்வி.

தொடக்கத் திருச்சபை இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. சுமார் 155-ஆம் ஆண்டு புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி என்ன செய்கிறார்கள் என்பதை உரோமைப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு விளக்கி எழுதினார். ஞாயிறு அன்று நகரத்தில் இருப்பவர்களும் நாட்டுப்புறத்தில் இருப்பவர்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர்களின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்பட்டு நன்றி மன்றாட்டு சொல்லப்படுகிறது, மக்கள் 'ஆமென்' என்கிறார்கள். இன்றைய திருப்பலியின் ஓட்டம் அப்படியே அங்கே இருக்கிறது! அதற்கு அடுத்து வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: வந்திருப்பவர்களுக்கு அந்த அப்பத்தையும் இரசத்தையும், அதாவது நற்கருணையை, பகிர்ந்தளித்த பிறகு, வராதவர்களுக்கும் திருத்தொண்டர்கள் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அதையடுத்து காணிக்கை. வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள். தலைவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கராக வந்த அந்நியர் என எல்லாரையும் கவனிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணை, வராதவர், ஏழை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுகிறார் ஜஸ்டின். வழிபாடு முடிந்து வெளியே வந்த பிறகு விருப்பப்பட்டவர்கள் செய்யும் சமூக சேவையாக அவர் இதைப் பிரிக்கவில்லை.

அதற்கும் முன்னால் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 6-ஆம் அதிகாரம் இருக்கிறது. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்துச் செபித்து அனுப்பினார்கள். திருச்சபையில் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்ட முதல் நிகழ்வுகளில் ஒன்று, விட்டுப்போன சிலருக்காக நடந்தது. மொழி வேறு என்பதால் விட்டுப்போனவர்கள் அவர்கள். வேறு மொழி பேசும் குடும்பம் ஒன்று பங்குக்குப் புதிதாக வந்து, யாரும் பேச்சுக் கொடுக்காததால் மெல்ல நின்றுபோவதை இன்றும் பார்க்கிறோம்.

நோயாளர் வீட்டுக்கு நற்கருணை கொண்டு போகும் பணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் பொதுநிலையினருக்கும் இந்த வழி திறந்தது. திருப்பலியில் சிறு சிமிழில் நற்கருணையைப் பெற்றுக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் நின்று ஊர்க்கதை பேசக் கூடாது. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி, ஏற்றிவைத்த மெழுகுதிரி. படுத்திருப்பவருக்குக் காலையிலேயே தலை வாரி, உடை மாற்றி, தலையணையை உயர்த்தி வைத்திருப்பார்கள். சிலருக்குப் பேச்சே வராது. ஆனால் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கினால் உதடு அசையும். பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்துபோன சிலர்கூட அந்தச் செபத்தை இடையில் விடாமல் சொல்லி முடிப்பார்கள்.

அப்புறம், "ஆண்டவரே, நீர் எனது இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்." கோவிலில் கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும்போது அது பழகிய வரியாகக் கடந்து போய்விடலாம். இங்கே ஆண்டவர் உண்மையிலேயே அந்த இல்லத்துக்குள் வந்திருக்கிறார். மத்தேயு நற்செய்தியில் இதை முதலில் சொன்ன நூற்றுவர் தலைவர், தன் வீட்டில் முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த பையனுக்காகத்தான் ஆண்டவரிடம் வந்தார். எழுந்து வர முடியாத ஒருவருக்காக இன்னொருவர் வந்து கேட்ட வேண்டுதல் அது. அதைத்தான் ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் எல்லாரும் சொல்கிறோம்.

படுத்திருப்பவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவரும் வராதவர்தான். கணவனைத் தூக்கி உட்கார வைக்கும் மனைவி, தாயைத் தனியே விட்டுவிட்டு வர முடியாத மகள். திருச்சபைச் சட்டம் இவர்களை மறக்கவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பிலிருந்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு கொடுக்கும் அதே விதி (எண் 919), அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அதைக் கொடுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த வீட்டை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாமோ நோயாளிக்குச் செபித்துவிட்டு, கதவு திறந்துவிட்ட மகளிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றுகூடக் கேட்காமல் வந்துவிடுகிறோம். அவருக்கு ஒரு ஞாயிறு திருப்பலி கிடைக்க வேண்டுமானால், அந்த ஒரு மணி நேரம் வேறொருவர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்குப் பாடத் தெரிய வேண்டாம், மேடையில் பேசத் தெரிய வேண்டாம். கோவிலில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று ஒதுங்கி நிற்கும் எத்தனையோ பேருக்கு இது பொருந்தும்.

நோயாளிகளின் பெயராவது பங்குத்தந்தைக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. மணமுறிவுக்குப் பிறகு தனியாக வந்து அமரக் கூச்சப்பட்டவர்கள். வேலை போனதால் காணிக்கைத் தட்டைப் பார்க்கத் தயங்கியவர்கள். மறையுரை நேரத்தில் சத்தம் போடும் பிள்ளையை வைத்துக்கொண்டு, முன்வரிசை திரும்பிப் பார்த்த பார்வையிலேயே வீட்டோடு நின்றுவிட்ட தாய்மார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். திரும்பிப் பார்த்தவருக்கு அது தெரியாது. காது கேளாதவர்கள். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் காட்டுவதை யாக்கோபு தன் திருமுகத்தில் கடுமையாகக் கண்டித்தார். இருக்கை காட்டுவதோடு அந்தப் பாகுபாடு முடிவதில்லை. ஒருவர் வராமல் போனால் உடனே நால்வர் போன் செய்கிறோம், இன்னொருவர் வராமல் போனால் நமக்குத் தெரிவதே இல்லை. இதுவும் அதே பாகுபாடுதான்.

இது ஏன் நடப்பதில்லை? பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை ஒரு காரணம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-ஆம் விதி, பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், நோயாளிகளோடும் ஏழைகளோடும் துயருறுவோரோடும் தனிமையில் இருப்போரோடும் நாடு விட்டு வந்தோரோடும் சிறப்பாக இருக்க வேண்டும் என்கிறது உண்மைதான். ஆனால் அதே விதியின் அடுத்த பகுதி, திருச்சபையின் பணியில் பொதுநிலையினருக்கு உரிய பங்கை ஏற்று வளர்க்கும்படியும் அவரிடம் சொல்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள பங்கில் ஒற்றை ஆள் எத்தனை படி ஏறுவார்? தவிர, குருக்கள் மாறுதலாகிப் போகிறார்கள். யார் எந்த வீட்டில் படுத்திருக்கிறார் என்ற அறிவு அவரோடு போய்விடக் கூடாது. அது பங்கிடம் தங்க வேண்டும்.

இன்னொரு காரணம், இந்தப் பணி வெளியே தெரியாது. நன்றியுரையில் இதற்குப் பெயர் வராது. மூன்றாவது காரணம், எல்லாப் பணியிலும் அதே பத்துப் பேர். அவர்களே வாசிக்கிறார்கள், அவர்களே மறைக்கல்வி நடத்துகிறார்கள், அவர்களே விழாக் குழு. அவர்களிடம் வீடு சந்திப்பையும் கொடுத்தால் ஒரு வருடத்தில் அவர்களும் வராதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் பங்கைப் பற்றி எழுதியபோது, அது மக்களின் வீடுகளோடும் வாழ்க்கையோடும் தொடர்பில் இருக்க வேண்டும், தேர்ந்தெடுத்த சிலர் தங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் குழுவாகிவிடக் கூடாது என்றார். அந்தப் பத்துப் பேரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் இல்லாமல் பல பங்குகளில் கோவில் கதவே திறக்காது. ஆனால் மற்றவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. "தொண்டர்கள் தேவை, விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்" என்று அறிவிப்பு நேரத்தில் வாசிப்பது கேட்டதாக ஆகாது. நேரில் போய், பெயர் சொல்லி, "இந்தத் தெருவில் இந்த இரண்டு வீடு, மாதம் ஒரு தடவை, ஒரு வருடத்துக்கு மட்டும்" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

எப்படிச் செய்வது என்பதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 1833-இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி. 1921-இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையின் முதல் வேலை, மருத்துவமனையில் இருந்த பெண்களைப் பார்க்கப் போனது. இரண்டு சபைகளிலும் இருவர் இருவராகத்தான் போகிறார்கள், ஆண்டவர் சீடர்களை அனுப்பிய மாதிரி. போகிறவருக்கும் துணை, வீட்டில் இருப்பவருக்கும் பாதுகாப்பு. பெரிய கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக் குழுவில் போடுவது சந்திப்பாகாது. வீட்டில் கேட்டதை வெளியே பேசக் கூடாது, ஏன் வரவில்லை என்று விசாரணை நடத்தக் கூடாது, கோவில் சந்தா பாக்கி பற்றி வாயே திறக்கக் கூடாது. போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, விருப்பம் என்றால் ஒரு செபம் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

"வராதவர்கள் விரும்பித்தானே நின்றார்கள், அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் அப்படி முடிவெடுத்திருக்கலாம். அதை மதிக்க வேண்டும், கதவைத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆனால் ஒருமுறைகூடத் தட்டாமல் அவர்கள் முடிவு இதுதான் என்று நாமே தீர்மானிப்பது மரியாதை ஆகாது. பங்கில் யாரால் எப்படிக் காயப்பட்டார்களோ அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு காது வேண்டும். 2020-இல் கோவில்கள் மூடிக்கிடந்தபோது நேரலைத் திருப்பலி பெரிய ஆறுதலாக இருந்தது, நோயாளிகளுக்கு இன்றும் ஆறுதல்தான். ஆனால் திரையில் பார்ப்பவர் நம்மைப் பார்க்கிறார், நாம் அவரைப் பார்ப்பதில்லை. நேரலை இருக்கிறதே என்று வீட்டுக்குப் போவதை விட்டுவிட முடியாது.

பங்குப் பேரவையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் விழா, கட்டடம், கணக்கு எல்லாவற்றுக்கும் முன்பாக இதை முதல் பொருளாக வையுங்கள். அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வாரியாக, யார் யாரைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று பெயர் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், முன்பு பங்கில் பணி செய்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். குரல் போன பாடகர், கண் மங்கிய வாசகர், நம்மில் பலருக்கு முதல் நற்கருணைக்குப் பாடம் சொல்லித் தந்த மறைக்கல்வி ஆசிரியர். இவர்கள் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை, பங்கு அலுவலகத்தில் இருக்கும் பழைய அட்டவணைகளிலேயே இருக்கும்.