வீட்டுக் கதையும் வாறுகால் கணக்கும்
"பொது வாழ்க்கைக்கு வந்துவிட்டால் தனி வாழ்க்கை என்று ஒன்று கிடையாது" என்று, அரசியல்வாதிகளின் சொந்த வாழ்க்கையைத் தோண்டலாமா என்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கில் (கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு) உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: பதவியில் இருப்பவர் தன் கடமை சம்பந்தமாகச் செய்ததை யாரும் விமர்சிக்கலாம், ஆனால் குடும்பம், திருமணம், பிள்ளைகள் விஷயத்தில் அந்தரங்கம் காக்கும் உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் சில வருடம் முன்பு ஒரு கவுன்சிலர் யாரோ ஒரு பெண்ணோடு பேசிய ஆடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது, டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சுதான், கடைசியில் அவர் மகள் காலேஜுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அதே ஆள் வாறுகால் (சாக்கடை) வேலையை மச்சினனுக்கே கொடுத்து, முதல் மழையிலேயே சிலாப் எல்லாம் உடைந்து கிடந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. பதவியைக் காட்டி அந்தப் பெண்ணை மிரட்டியிருந்தால் அது வீட்டு விஷயமே இல்லை, தோண்டத்தான் வேண்டும். மேலே கருத்துப் போட்ட ஒரு அண்ணாச்சி "ஒழுக்கம் இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு" என்கிறார். சரி, 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம் சொத்து, கடன், வழக்கு எல்லாம் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கிறதே, அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? நானே போன தேர்தலில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.