எஞ்சின்தான் வேண்டாம் என்றேன்

"எஞ்சினே வேண்டாம்னு கழட்டிப் போடப் போறீங்க, அப்புறம் துரு இருந்தா என்ன சார்?"

பழைய கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டப் பார்க்கிறேன். நேற்று கார் விற்கிற ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்ட கேள்வி இது. ராத்திரி முழுக்க இதே ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஆறவில்லை.

டோனர் வண்டி, அதாவது இப்படி மாற்றுவதற்கென்று ஒரு பழைய வண்டி, தேடி அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போனில் மூன்றே மூன்று கேள்விதான் கேட்டேன். கியர் வண்டியா? துரு இருக்கிறதா? கடைசியாக எப்போது ஓடியது? "கியர் வண்டிதான் சார், துரு பொட்டுக்கூடக் கிடையாது, போன வருஷம் எஞ்சின் போனதும் நிறுத்தினோம், பாடி அப்படியே புதுசு." அனுப்பிய நாலு படமும் ஒரே பக்கத்திலிருந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரத்தோடு எடுத்தவை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பயணம் செய்து போனேன்.

வண்டியின் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. கை நுழைய இடமில்லை. தள்ளி வையுங்கள் என்றேன். நாலு டயரிலும் காற்று இல்லை. காற்றடித்துத் தள்ளினால் பின் பிரேக் பிடித்துக்கொண்டு நகரவில்லை. மூன்று பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் போராடி ஒரு முழம் நகர்த்தினோம். துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன். கதவில் கப்பென்று ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்ததும் வழுக்கிக் கீழே விழுந்தது. விரலால் தட்டினால் கதவில் 'டங்', அங்கே 'தொப்'. அத்தனையும் பட்டி! தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அடியில் பார்க்க டார்ச்சை எடுத்தால் அது எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். அடிப்பாகம் முழுக்கக் கறுப்பாகப் புது அண்டர்கோட்டிங் (துருத் தடுப்புப் பூச்சு), வாசனைகூடப் போகவில்லை. ஒரு வருஷமாக நிற்கிற வண்டிக்கு எதற்கு இப்போது அடியில் கோட்டிங்? உள்ளே மிதியடியைத் தூக்கினேன். ஈரம். அதன் கீழே ஒரு பிளைவுட் துண்டு, சுற்றிலும் பசை. அதைப் பெயர்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். நான் குத்தவில்லை, கையின் கனத்துக்கே உள்ளே இறங்கியது. ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே புல் தெரிகிறது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஐயா, எஞ்சினும் வேண்டாம், பெட்ரோல் டேங்கும் வேண்டாம், சைலன்சரும் வேண்டாம். அப்படியென்றால் நான் உங்களிடம் விலை கொடுத்து வாங்குவது எதை? பாடியைத்தானே! எஞ்சின் ஓடுகிற வண்டியைவிட எஞ்சின் போன வண்டிக்குத்தான் தகடு நன்றாக இருக்க வேண்டும். 40 லிட்டர் பெட்ரோலின் எடை 30 கிலோதான், பேட்டரி அப்படியில்லை. சின்னக் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 150 வாட்-மணி இழுக்கும், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட். கொஞ்சம் கையிருப்போடு 20 யூனிட் வைத்தால், லித்தியம் பேட்டரியே பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டும். எஞ்சினை இறக்கியதில் முன்பக்கம் லேசாகிவிடும், பேட்டரியில் பெரும்பகுதி பின்னால் போகும். பின் ஆக்ஸில் தாங்குமா, ஸ்பிரிங் தாங்குமா, தயாரித்தவர்கள் பொறித்திருக்கிற மொத்த எடை வரம்புக்குள் நிற்குமா என்று ஒவ்வொரு கிலோவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை அந்தப் பிளைவுட் மேலேயா போல்ட் போட்டு நிறுத்துவேன்? மோதினால் அந்தப் பெட்டி என் முதுகில் வந்து நிற்கும்.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை வாங்கிக்கொள் என்று சொல்கிறவர்கள் வேறு. நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. சுமார் 800 கிலோ, ரேடியேட்டர் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, மாற்றுவதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அதில் ஹீட்டர் காற்று போவதே கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டித் தகட்டுக்குள். உள்ளிருந்து அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். அதையும் காந்தம் வைத்து, குத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, கதை முடியவில்லை. கிளம்பும்போது ஓட்டுநர் பக்கம் குனிந்து பார்த்தால் காலடியில் இரண்டே பெடல். கிளட்ச் இல்லை. கியர் வண்டி என்றீர்களே என்றேன். "ஆட்டோமேட்டிக்லயும் கியர் இருக்குல்ல சார்."

கிளட்ச் வண்டியென்றால் மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு அடாப்டர் தகடும், இரண்டு தண்டையும் இணைக்கிற கப்ளரும் போதும். இரண்டாவது கியரிலேயோ மூன்றாவதிலேயோ போட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஆட்டோமேட்டிக்கில் கியரைப் பிடித்து வைப்பது எண்ணெய் அழுத்தம், அந்த எண்ணெய் பம்பைச் சுற்றுவதே எஞ்சின். சிக்னலில் நின்றாலும் எஞ்சின் ஐடிலில் ஓடும், அழுத்தம் இருக்கும். மின் மோட்டார் நின்றால் நின்றதுதான். அழுத்தம் இறங்கிவிடும், அடுத்து மிதித்ததும் உள்ளே வழுக்கித் தேயும். எஞ்சின் இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப் தனியாகப் போடப் போகிறேன், அதற்கு மேல் இதற்கும் ஒரு பம்ப், ஒரு கண்ட்ரோல் என்று எத்தனையைத்தான் சுமப்பது? மூன்று கேள்வியில் இரண்டுக்குப் பச்சைப் பொய். மூன்றாவதும் பொய்தான், உள்ளே கிடந்த சர்வீஸ் பில் ஐந்து வருஷம் பழையது.

புதிய மாடலாக வாங்கு என்கிற ஆலோசனையும் வேண்டாம். எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் வரவில்லை என்று மீட்டர் முழுக்க விளக்கு எரியும், ஸ்டீயரிங்கே உதவ மறுக்கிற வண்டிகளும் உண்டு. அதை ஏமாற்றி வழிக்குக் கொண்டுவருவதற்குள் மோட்டார் வேலையே முடிந்துவிடும்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சட்டை முதுகில் அந்த அண்டர்கோட்டிங் ஒட்டிக்கொண்டே வந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விற்கிறவர்களே, ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்லுங்கள். வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் அந்த டார்ச். போன மாசம் மச்சான் வாங்கிக்கொண்டு போனான். சார்ஜை முழுக்கத் தீர்த்துவிட்டு அப்படியே கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறான். அடுத்தவன் பொருளை வாங்கினால் சார்ஜ் போட்டுத் திருப்பித் தர மாட்டீர்களாடா?