விரலும் புத்தகமும்

வியாசர்பாடியில் எங்கள் தெரு முனைச் சுவரில் ஓர் அம்பேத்கர் இருக்கிறார். எனாமல் பெயின்டில் வரைந்தது, ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேல். நீலக் கோட்டு, சிவப்பு டை, வட்டக் கண்ணாடி, சட்டைப்பையில் பேனா, இடது கையில் புத்தகம், நீட்டிய வலது கை. வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் வர்ணனை வேண்டாம். புளியந்தோப்பு, கன்னிகாபுரம், எருக்கஞ்சேரி ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் படம் கண்ணில் படும்.

டிசைன் படித்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “தலை பெருசு, கை அதைவிடப் பெருசு, ப்ரபோர்ஷன் போச்சு” என்றார். அப்புறம் வகுப்பில் கொடுத்த பட்டியலை எடுத்து டிக் அடிக்க ஆரம்பித்தார். சமநிலை இருக்கு. கான்ட்ராஸ்ட் இருக்கு. ரிதம் இல்லை. விகிதம் தப்பு. மொத்தத்தில் பத்துக்கு ஐந்து.

இந்த மார்க் போடும் பழக்கத்தோடுதான் எனக்குத் தகராறு. “இருக்கு” என்று சொல்வதால் என்ன தெரிந்துவிடும்? கோலமாவு பாக்கெட்டில் அச்சடித்த மயிலிலும் சமநிலை இருக்கும், கான்ட்ராஸ்ட் இருக்கும். ஒரு படத்தை அலச வேண்டுமென்றால், அதில் இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டால் வேறு எது சரிகிறது என்று பார்க்கவேண்டும். நான் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். படத்தின் ஒவ்வொரு துண்டையும் தனி அடுக்காக வைத்திருக்கும் லேயரை அணைத்து அணைத்துப் பார்ப்பது கைப்பழக்கம். சுவரில் லேயர் கிடையாது, ஆனால் நம்மிடம் கட்டைவிரல் இருக்கிறது. எதிர்ப்புறம் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள்.

முதலில் புத்தகம். அதை மறைத்த உடனே ஆள் சாய்ந்துவிடுகிறார். வலது கை, அதாவது நாம் பார்க்கும்போது இடது பக்கம் இருக்கும் கை, உடம்பை விட்டு வெளியே போகிறது. எடை முழுக்க அந்தப் பக்கம். அதற்கு ஈடாக மறுபக்கம் மார்போடு அணைத்த புத்தகம், சின்னதாக, கனமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாத சமநிலை இது. இரண்டு கையையும் ஒரேமாதிரி தூக்கியிருந்தால் சமநிலை இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும், படம் செத்திருக்கும்.

புத்தகம் போனால் இன்னொன்றும் போகிறது. வெறும் விரல் நீட்டினால் அது அதட்டல். வாத்தியார் பெஞ்சு மேல் ஏறச் சொல்வதுபோல ஆகிவிடும். புத்தகத்தோடு சேர்ந்த விரல் ஆதாரம் காட்டுகிற விரல். கீழே வலப்பக்கம் புத்தகத்தில் தொடங்கி, டை வழியாக, முகத்தைத் தொட்டு, மேலே இடப்பக்கம் விரல் நுனியில் முடிகிற ஒரு சாய்கோடு இந்தப் படத்தின் முதுகெலும்பு. கண் அந்தக் கோட்டில்தான் ஏறுகிறது. எழுதியிருக்கிறது, ஆகவே சொல்கிறேன் என்கிற வரிசை அந்த ஒரே கோட்டில் வந்துவிடுகிறது. 1967 ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் திறந்த, பி.வி. வாக் வடித்த வெண்கலச் சிலையிலும் இதே நீட்டிய கை, இதே புத்தகம். ஊரெங்கும் சுவரில் நிற்பவர் அந்தச் சிலையின் உறவுக்காரர்தான்.

அடுத்து, தலைக்கும் தூக்கிய கைக்கும் நடுவில் இருக்கும் காலி இடம். இதை யாரும் வரைவதில்லை, அதனால் யாரும் பார்ப்பதும் இல்லை. எங்கள் சுவரில் அந்த இடம் வெறும் வெளிர்மஞ்சள். அங்கே எதையாவது வைத்து மறைத்துப் பாருங்கள், விரல் காணாமல் போகும். உருவம் எது, பின்புலம் எது என்று கண் எப்படிப் பிரிக்கிறது என்பதை டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் எழுதினார். ஜாடியா, எதிரெதிர் இரண்டு முகமா என்று குழப்பும் அந்தப் பிரபலமான படம் அவருடைய பெயரில்தான் வழங்குகிறது. அவர் சொன்னது எங்கள் சுவருக்கும் பொருந்தும். அந்த மஞ்சள் துண்டு காலியாக இருப்பதால்தான் கை கையாகத் தெரிகிறது. உருவம் முழுவதையும் ஒரே கறுப்பால் நிரப்பினாலும் யார் என்று சொல்லிவிடலாம்.

இப்போது நண்பர் பிடித்த விகிதத்துக்கு வருவோம். சராசரி ஆளின் உயரம் அவர் தலை உயரத்தைப்போல ஏழரை மடங்கு. ஓவியம் கற்றுத்தரும்போது எட்டு என்று வைத்துக்கொள்வதும் உண்டு. எங்கள் சுவர் அம்பேத்கர் ஆறுக்குள் அடங்கிவிடுகிறார். தப்புதான், மூன்று அடி தூரத்தில் நின்று செல்ஃபோனில் ஜூம் செய்து பார்த்தால். இதை வரைந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணனிடம் நான் ஒருமுறை கேட்டேன்.

“ஏண்ணா, தலைய இவ்ளோ பெருசா வச்சிருக்கீங்க?”

“நான் பஸ்ல போறவனுக்கு வரையுறேன்ப்பா. சொவுத்துக்கு முன்னால பல்லு வெளக்கினு நிக்கிறவனுக்கு இல்ல.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிற பஸ் நொடிக்குச் சுமார் 5.5 மீட்டர் நகரும். சுவர் கண்ணில் படுவது ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்துக்குத்தான், அப்புறம் மரமும் டிரான்ஸ்ஃபார்மரும் மறைத்துவிடும். ஆக ஐந்தாறு நொடி. அதுவும் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தவனுக்கு. அந்த ஐந்து நொடிக்குள் முகம், விரல், புத்தகம் மூன்றும் போய்ச் சேரவேண்டும். முழங்காலும் ஷூவும் சேர வேண்டிய அவசியமில்லை. அதனால் அவற்றின் பங்கைக் குறைத்து மேலே கொடுத்திருக்கிறார். முக்கியமானதைப் பெரிதாக்குவது என்ற கோட்பாட்டை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. சாக்பீஸால் கட்டம் போடும்போதே மேல் வரிசைக் கட்டத்தைக் கொஞ்சம் உயரமாகப் போட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை 1504-இல் முடிந்தது. ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் மேல்விளிம்பில் நிறுத்துவதற்காகத்தான் அதை முதலில் கேட்டார்கள். அந்தச் சிலையிலும் தலையும் வலது கையும் உடம்புக்குப் பெரியவை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்காக அப்படிச் செய்தார் என்பது ஒரு விளக்கம். அங்கே அது மேதைமை. எருக்கஞ்சேரி ரோட்டுப் பக்கம் வந்தால் மட்டும் ப்ரபோர்ஷன் தெரியாத போர்டு ஆர்ட்டிஸ்ட்.

நிறத்தைப் பற்றி நீலம் என்றால் அரசியல் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரசியல்தான், மறுக்கவில்லை. 1942-இல் அம்பேத்கர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் கட்சியின் கொடியே நீலம். ஆனால் கண்ணுக்கு அது என்ன செய்கிறது என்றும் பார்க்கலாமே. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நிறம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அப்போது கோட்டு ஒரே அடர்ந்த கட்டியாக நிற்கும், மஞ்சள் சுவர் பின்னால் போகும், சட்டையின் வெள்ளைக் காலர் மட்டும் பளிச்சென்று முகத்துக்குக் கீழே பிரியும். காலரின் இரண்டு ஓரமும் மேலே விரிந்து முகத்தை ஏந்திக்கொள்கின்றன. நடுவில் டை. உருவத்தில் சிவப்பு அந்த ஓர் இடத்தில்தான். கொஞ்சமாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. சில இடங்களில் ஆசைப்பட்டு சுவரைச் சுற்றி சிவப்பு பார்டர் போட்டுவிடுவார்கள். டை அன்றைக்கே தோற்றுவிடும்.

வெயில் விஷயமும் உண்டு. இப்போதைய நீல பெயின்டுகளில் பரவலாக இருக்கும் தாலோசயனின் நிறமி 1935 வாக்கில் சந்தைக்கு வந்தது. அது லேசில் வெளுக்காது. சிவப்பு அப்படி இல்லை. அதனால் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு முன்னால் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வந்து பெரும்பாலும் டையை மட்டும் டச்சப் செய்துவிட்டுப் போவார், கோட்டு அப்படியே இருக்கும். எங்கள் ஃப்ளெக்ஸில் நடப்பதே வேறு. மஞ்சளும் மெஜன்டா என்கிற ரோஸ் மையும் முதலில் வெளுத்து, சயான் என்கிற நீல மை மட்டும் மிஞ்சும். ரெண்டு கோடை தாண்டிய பேனரில் தலைவர், தொண்டர், திருமண ஜோடி எல்லோருமே நீலமாகிவிடுவார்கள்!

வட்டக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டு, டை, புத்தகம், நீட்டிய கை எல்லாம் நேர்கோடு. அந்த இரண்டு வட்டம் மட்டும் வேறு வடிவம். கண் அங்கேதான் முதலில் உட்காரும். எங்கள் தெருப் பிள்ளைகள் கரித்துண்டில் கிறுக்கும்போது இரண்டு வட்டம், ஒரு காலர், ஒரு விரல், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தைப் பார்ப்பவர் மனது நிரப்பிக்கொள்ளும். விட்டுப்போனதை மனது தானாகவே பூர்த்தி செய்யும் இந்தக் குணத்தை மாக்ஸ் வெர்தைமர் போன்ற கெஸ்டால்ட் உளவியல்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே விளக்கிவிட்டார்கள். என் கணக்கில் இந்தப் படத்தின் பெரிய பலம் இதுதான். எவ்வளவு மோசமாக நகலெடுத்தாலும் சாகாது. மூக்கு கோணலாகட்டும், கை வீங்கட்டும், ஆள் யார் என்பதில் சந்தேகம் வராது. கைதேர்ந்த ஓவியர் மட்டுமே வரையக்கூடிய படமாக இருந்திருந்தால் இத்தனை சுவருக்கு வந்து சேர்ந்திருக்காது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நீலக் கோட்டின் கீழ்ப்பகுதி மேலேயே சிவப்பு எழுத்தில் மூன்று சொல் முழக்கம் எழுதியிருக்கிறார்கள். சிவப்பும் நீலமும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை, அதனால் ஓரம் அதிர்வதுபோலத் தெரியும். கண்ணைப் பாதி மூடினால் எழுத்து கோட்டுக்குள் கரைந்தே போகிறது. எழுத்து உயரமும் போதாது. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது போர்டு எழுதுகிறவர்களின் தோராயக் கணக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் 60 அடி என்றால் ஆறு அங்குலமாவது வேண்டும், இங்கே நாலுகூட இல்லை. மூலையில் தீக்குச்சி டப்பா அளவுக்கு நாடாளுமன்றக் கட்டடம் வேறு. தூணெல்லாம் எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார். பாவம், பஸ்ஸில் போகிற யாருக்கும் அது தெரியாது.

இந்தக் குறைகளைப் பத்து மடங்காக்கினால் எங்கள் கடையில் பிரிண்ட் ஆகும் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். அந்த விலைமதிப்பில்லாத காலி இடத்தில் கர்ஜிக்கும் சிங்கம். விரல் நுனியில் ஒளிவட்டம். பின்னால் மேகம், மின்னல், தங்க எழுத்து. கீழே இருபது இருபத்தைந்து முகம், எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளைச் சட்டை, செல்ஃபோன் காதில். ஒரே அளவில் நெருக்கி அடுக்கியதை எல்லாம் கண் ஒரே கூட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இருபத்தைந்து பேரும் சேர்ந்து ஜமுக்காள டிசைன் ஆகிவிடுகிறார்கள். காசு கொடுத்தவர் தன் முகத்தைத் தானே தேடவேண்டும்.

இதை டிசைன் அறிவில்லாத வேலை என்று திட்டுவது சுலபம். திட்டுகிறவர்கள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. அந்த முகங்கள் ரசீது. வசூலில் பங்கு போட்டவருக்குக் கொடுக்கும் ரசீதை எப்படி மறுப்பது? யார் பெரியவர் என்ற சண்டை வராமல் இருக்கத்தான் எல்லாம் ஒரே அளவு. ஒரு படத்தை அலசும்போது காசு யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் பாதி முடிவுகள் ஏன் அப்படி எடுக்கப்பட்டன என்று புரியும். நண்பரின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சுவர் இந்த ரசீதுச் சிக்கலையும் அழகாகத் தீர்த்திருக்கிறது. காலடியில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் கறுப்பில் பெயர்கள், வரிசையாக. தூரத்திலிருந்து பார்த்தால் அது பீடம். கிட்டே போனால் நன்கொடைப் பட்டியல். பெயர் போட்டவருக்கும் மரியாதை, படத்துக்கும் சேதமில்லை.

இந்த வருஷம் ஏப்ரலுக்கு எங்கள் பகுதிப் பசங்க பேனர் அடிக்க வந்தபோது அந்தப் பட்டையைத்தான் காப்பியடித்துக் காட்டினேன். முகங்களைக் கீழே ஒரே வரிசையில் சின்னதாக வைத்து, விரலைச் சுற்றி ஓர் அடி காலி விட்டேன். “இன்னாண்ணா, இங்க எடம் சும்மா கெடக்குதே?” என்று ஒருவன் கேட்டான். பிரிண்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பழைய பேனரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள். மேகம் போச்சு, மின்னல் போச்சு. சிங்கத்தை மட்டும் விடமாட்டோம் என்று ஒரே பிடி. சரி என்று பெயர் வரிசைக்குப் பக்கத்தில், மூலையில், பூனை அளவுக்கு உட்காரவைத்தேன்.

உங்கள் பக்கத்துச் சுவரில் இருக்கும் படத்தையும் கீழே போடுங்கள், பேசுவோம். கிட்டே போய் எடுக்கவேண்டாம், பஸ் ஸ்டாப்பில் நின்று எடுங்கள்.