இல்லாத 268ஆம் பாடல்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டைப்பிங் சென்டர்கள் இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும். முதுகலை இறுதியாண்டு ஆய்வேடுகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்கு நெறியாளர். இந்தப் பதிவை எழுத வைத்தது ஓர் எண்: 268.

என் மாணவி ஒருத்தி ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள், புறநானூற்றில் தாய். நல்ல உழைப்பாளி. மூன்றாம் இயலில், போரில் மகன் புறங்காட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டுக் கொதித்தெழும் முதியவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்பதும் சரிதான். மேற்கோளின் கீழே மட்டும் ‘புறம். 268’ என்று இருந்தது. புறநானூற்றில் 268ஆம் பாடலே நம்மிடம் இல்லை. 267, 268 இரண்டும் கிடைக்காமல் போனவை. அவள் எழுதியிருக்க வேண்டியது 278.

விரல் தவறி விழுந்த எண் என்று திருத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் முடிவுரையிலும் 268. பின்னிணைப்பு அட்டவணையிலும் 268. சந்தேகம் வந்து, “இந்தப் பாட்டை எந்தப் பதிப்பில் பார்த்தாய்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “பதிப்பில் பார்க்கவில்லை அம்மா. ஒரு கட்டுரைத் தொகுப்பில் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்” என்றாள். அந்தத் தொகுப்பை வாங்கிப் பார்த்தேன். பிழை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் அவளுடைய துணைநூற்பட்டியலில் புறநானூற்று மூலப் பதிப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாவற்றோடும் முதல் வரியிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பாட்டைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். மகன் படையழிந்து மாறினன் ‘என்று பலர் கூற’, அந்தக் கிழவி அதோடு நிற்கவில்லை. அப்படி அவன் ஓடியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளை எடுத்துக்கொண்டு களத்துக்கே போகிறாள். கிடக்கிற பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் கண்ட பிறகுதான் அவளுக்கு உண்மை தெரிகிறது; பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். பலர் கூறியதை நம்பாமல் தன் கையாலேயே புரட்டிப் பார்த்த ஒருத்தியைப் பற்றி, பலர் கூறியதை நம்பி இரண்டு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது! இதைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கண்ணில் நீரோடு. போதாக்குறைக்கு, ‘படையழிந்து’ என்பது அவள் தட்டச்சில் ‘படையழித்து’ ஆகியிருந்தது. ஒரே ஓர் எழுத்து. தோற்று ஓடியவன் பகைவர் படையையே அழித்துவிட்டான்.

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குற்றம் எங்கள் பக்கம்தான் அதிகம். பிழை பார்ப்பது என்றாலே தமிழ்த் துறையில் எங்களுக்குத் தெரிந்தது ஒற்று. சிவப்புப் பேனாவை எடுத்தால் க், ச், த், ப் போட்டுக்கொண்டே நூறு பக்கத்தையும் தாண்டிவிடுவோம். மாணவரும் பார்த்துப் பார்த்து ஒற்றுகளைச் சேர்த்துக்கொண்டு வருவார். மேற்கோள் காட்டிய பாடல் அந்த எண்ணில் இருக்கிறதா, அந்தப் பக்கத்தில் அந்த அறிஞர் அப்படித்தான் சொல்லியிருக்கிறாரா, இரண்டாம் இயலில் சொன்னதை நான்காம் இயல் மறுக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? நானே பல ஆண்டுகள் பார்த்ததில்லை. 268 என் கண்ணில் பட்டதும் தற்செயல்தான். அந்த வாரம் வகுப்பில் கிடைக்காத பாடல்களைப் பற்றிப் பேசியிருந்தேன்.

ஒற்று வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே ஆய்வேட்டில் ‘நடுகல்’ எல்லா இடத்திலும் ‘நடுக்கல்’ என்றே இருந்தது. நட்ட கல், நடுகிற கல், நடும் கல் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. அங்கே வல்லினம் மிகாது. ‘நடுக்கல்’ என்றால் நடுவிலே கிடக்கிற கல். மாண்ட வீரனுக்கு எடுத்த கல்லை வழியில் இடறுகிற கல்லாக ஆக்கிவிடுகிறது ஒரு க். இப்படிப் பொருளையே புரட்டிப்போடும் ஒற்றை விடக் கூடாது. ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. சுவரே சாய்ந்து நிற்கும்போது வெள்ளையடிப்பதில் என்ன பயன்? முதலில் இயல்கள் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பிறகு சான்றுகள், அதன் பிறகு தொடர்கள், கடைசியில்தான் எழுத்து. முதல் மூன்றும் செப்பம் செய்வது. கடைசி வேலைக்குத்தான் மெய்ப்புப் பார்ப்பது என்று பெயர். எங்கள் மாணவர்கள் நான்கையும் ஒரே இரவில், அதுவும் டைப்பிங் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து, பின்னால் இன்னொருவர் காத்திருக்கும்போது செய்கிறார்கள்.

கணினி வந்த பிறகு பிழைகளுக்கும் புதிய வழிகள் பிறந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர் ‘தாய்’ என்பதையெல்லாம் ஒரே அழுத்தில் ‘அன்னை’ என்று மாற்றினார். ‘தாய்மை’ ‘அன்னைமை’ ஆனதைக் கண்டு துறையே சிரித்தது. ஆனால் துணைநூற்பட்டியலில் இருந்த இரண்டு நூல்களின் தலைப்பும் சேர்ந்தே மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உலகத்தில் இல்லாத இரண்டு நூல்களை அவர் படித்துவிட்டார்.

‘மேலது’ இன்னொரு கண்ணிவெடி. அடிக்குறிப்பில், சற்று மேலே சொன்ன அதே நூல் என்ற பொருளில் ‘மேலது, ப. 45’ என்று போட்டிருப்பார்கள். திருத்தும்போது இடையில் புதிதாக ஒரு மேற்கோளைச் செருகினால், அதற்குக் கீழே உள்ள ‘மேலது’ எல்லாம் வேறொரு நூலுக்குத் தாவிவிடும். எண்கள் தானாக மாறிக்கொள்ளும், மேலது மாறாது. கடைசித் திருத்தம் முடியும்வரை மேலது என்றே எழுதாதே, நூலின் பெயரையே எழுது என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

ஔவையாரையும் சொல்ல வேண்டும். ஔ என்ற ஒரே எழுத்தைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. தேடும்போது கணினிக்கு இருவரும் வெவ்வேறு ஆட்கள். ஆய்வேட்டில் ஔவையார் எத்தனை முறை வருகிறார் என்று எண்ணி அட்டவணை போட்டவர் பாதி ஔவையாரைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார். துணைக்காலும் ரகரமும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். நாவி, வாணி போன்ற கணினிப் பிழைதிருத்திகள் இருக்கின்றன. சந்திக்கும் எழுத்துப்பிழைக்கும் அவை உதவும், பயன்படுத்தச் சொல்கிறேன். 268ஆ 278ஆ என்று அவை கேட்காது. ‘படையழித்து’ம் அவற்றுக்கு நல்ல தமிழ்தான்.

விழுக்காட்டுப் பயம் வேறு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, பிற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காடுவரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த எண்ணைக் குறைப்பதையே திருத்தம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் பத்தியை எடுத்து, ‘சிறப்பு’ இருந்த இடத்தில் ‘மேன்மை’, ‘காணலாம்’ இருந்த இடத்தில் ‘அறியலாம்’ என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். விழுக்காடு இறங்குகிறது. திருட்டு அப்படியேதான் இருக்கிறது, தமிழ் மட்டும் கெட்டுப்போகிறது.

எனக்குத் தெரிந்த நல்ல வழி பழைய அச்சகங்களில் இருந்ததுதான். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டு வருவார். இந்த முறை அவளையும் அவளுடைய தோழியையும் துறை நூலகத்தில் அப்படி உட்கார வைத்தேன். தோழி பதிப்பிலிருந்து வாசிக்க வாசிக்க, இவள் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். எழுபத்துச் சொச்சம் மேற்கோள்கள். ஒன்றரை நாள் ஆனது. ஒன்பது இடங்களில் சொல் மாறியிருந்தது, நான்கு எண்கள் தவறு. தான் எழுதியதைத் தானே படித்தால் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, மனத்தில் இருப்பதைப் பார்க்கிறது. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., அடிகள் சிதைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை. புள்ளி வைத்து அப்படியே விட்டார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று அவர் விட்டுவைத்த அதே எண்ணில் நாம் ஒரு பாட்டைக் கொண்டுபோய் வைத்திருந்தோம்.

ஆனால் இந்த ஒன்றரை நாளுக்குக் கால அட்டவணையில் இடமே இல்லை. பருவத் தேர்வு, அகமதிப்பீடு, வாய்மொழித் தேர்வு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆய்வேட்டை ஒரு மாதம் முன்பே முழுமையாக வாங்கி, ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு திருத்தச் சொல்ல வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தேநீர் வரும், பேச்சு மாறிவிடும்.

இவள் கதையில் இன்னொரு சிக்கல். இத்தனையும் கண்டுபிடித்தபோது நான்கு படிகளும் கேலிகோ துணி அட்டையில் பைண்டிங் முடிந்து வந்துவிட்டன. மறுபடி அச்சடிக்க அவளிடம் பணம் இல்லை. நான் தருகிறேன் என்றதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. பழைய நூல்களில் இருப்பதுபோல் கடைசியில் ஒரு தாள் ஒட்டலாம் என்றேன். துறையில் ஒருவர், தப்பை நாமே ஊரறியக் காட்டிக்கொடுப்பதா என்றார். புறத்தேர்வாளர் பார்க்கட்டும், அதற்காகத்தானே ஒட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளுக்குத் தலைப்பு வைப்பதில்தான் அரைமணி நேரம் போனது. ‘பிழை திருத்தம்’ என்றேன் நான். இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது. ‘பிழைத்திருத்தம்’தான் என்று சக ஆசிரியர் நன்னூலோடு வந்துவிட்டார். நாங்கள் நூற்பாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் ‘பிழையும் திருத்தமும்’ என்று தலைப்பிட்டு, நான்கு படிகளிலும் ஒட்டி முடித்துவிட்டாள்.