சர்வீஸ் வலையில் பட்டால் மறுபடி போட வேண்டுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாக ஷட்டில் (பேட்மிண்டன்) ஆட வருகிறவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘சர்வீஸில் பந்து வலையில் பட்டுப் போனால் லெட், மறுபடி போட வேண்டும்.’ இது தவறு.

அது டென்னிஸ், டேபிள் டென்னிஸ் விதி. பேட்மிண்டனில் பந்து வலையை உரசிப் போய், எதிரே குறுக்காக உள்ள சர்வீஸ் கட்டத்தில் விழுந்தால் சர்வீஸ் செல்லும். எதிராளி எடுக்காவிட்டால் பாயிண்ட் சர்வீஸ் போட்டவருக்குத்தான். கோட்டில் விழுந்தாலும் உள்ளேதான். கட்டத்துக்கு வெளியே விழுந்தாலோ, வலையின் மேலேயே தொங்கி நின்றாலோ ஃபால்ட், அதாவது தவறான சர்வீஸ். சர்வீஸைத் திருப்பி அடித்த பிறகு, ஆட்டத்தின் நடுவே அப்படித் தொங்கினால் மட்டும் லெட்; குழப்பம் இங்கிருந்தும் வந்திருக்கலாம்.

இதை நம்பி நஷ்டப்படுவது புதியவர்கள்தான். உரசல் சத்தம் கேட்டதும் ராக்கெட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள், பந்து காலடியில் விழுகிறது. தயவுசெய்து ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்.

சர்வீஸ் போடுகிறவரும் உரசலுக்குப் பயப்பட வேண்டாம். வலையின் உயரம் நடுவில் 1.524 மீட்டர், நல்ல தாழ்ந்த சர்வீஸ் அதை ஒட்டித்தான் போகும். பயந்து அரைகுறையாகத் தூக்கினால் எதிராளி ஸ்மாஷ் அடித்துவிடுவார். பேக்ஹேண்டில் (புறங்கை முன்னால் வரும்படி), கட்டை விரலைப் பிடியின் பின்பக்கம் வைத்து, வீசாமல் மெல்லத் தள்ளுங்கள். அப்புறம், சாரல் காற்று வீசும் ஆனி, ஆடியில் இந்தச் சர்வீஸைத் திறந்தவெளியில் பழகாமல் உள்ளரங்கில் பழகுங்கள்.