சான் ஹோசே மேயர் கவுண்டியின் தலைவர் அல்ல

"சான்டா கிளாரா கவுண்டிக்கு சான் ஹோசே மேயர்தான் தலைவர். சொத்து வரியோ போலீஸ் புகாரோ, அவருக்கு எழுதுங்கள், ஷெரிஃபையும் அவரே நியமிக்கிறார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கலிஃபோர்னியாவிலுள்ள இந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 15 நகரங்கள் உள்ளன. சான் ஹோசே மேயரின் பொறுப்பு அந்த நகரத்தோடு முடிகிறது. கவுண்டியை நடத்துவது, ஐந்து தொகுதிகளிலிருந்து நான்காண்டு பதவிக்காலத்துக்குத் தேர்வாகும் ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட குழு. நம் ஊர் கலெக்டரைப் போன்ற ஒரே தலைவரை இங்கே தேடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். கவுண்டி எக்சிகியூட்டிவ் என்ற நிர்வாக அதிகாரி ஒருவர் உண்டு. அவரை நியமிப்பதும் இந்தக் குழுதான்.

ஷெரிஃப் (கவுண்டியின் காவல் துறைத் தலைவர்), அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் மூவரையும் வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கவுண்டியின் குப்பர்டினோ நகரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே தனி நகரப் போலீஸ் கிடையாது, ஒப்பந்தப்படி ஷெரிஃப் துறையே காவல் பார்க்கிறது. சொத்து மதிப்பில் தகராறு என்றால் மதிப்பீட்டாளர் அலுவலகத்தைக் கேளுங்கள். அப்புறம் மேல்முறையீட்டுக்கென்று தனி வாரியமும் உண்டு.

மாநில சட்டமன்றத்துக்கும் அமெரிக்க காங்கிரஸுக்கும் தொகுதிகள் வேறு. அமெரிக்க செனட்டர்கள் இருவரும் கலிஃபோர்னியா முழுமைக்கும் பொது.

உங்கள் முகவரிக்கு யார் யார் பிரதிநிதி என்பதைக் கவுண்டியின் வாக்காளர் பதிவு அலுவலக இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியிருந்தால் அதே வாட்ஸ்அப் குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.