மெனு கார்டு எங்கய்யா போச்சு?

குமுளில எந்த ஓட்டலுக்குள்ள போனாலும் இப்ப டேபிள் மேல ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் தான், மெனு கார்டு கேட்டா "ஸ்கேன் பண்ணுங்க"ன்னு கையக் காட்டிட்டுப் போயிடுறாங்க. அந்த ஸ்டிக்கர் சாம்பார் பட்டு ஓரமெல்லாம் கிழிஞ்சு கெடக்கு, மலையில டவர் ஒரு கோடு வந்தாலே பெரிசு, பக்கம் தொறக்குறதுக்குள்ள பசியே செத்துப்போகுது. தொறந்தா மொதல்ல போன் நம்பர் கேக்குது, அப்புறம் ஓடிபி. ரெண்டு பரோட்டா திங்க என் நம்பர் எதுக்குங்க? கம்பத்துலருந்து கூட வர்ற எங்க அப்பத்தா பட்டன் போன் தான் வச்சிருக்கு, அது பட்டினி கெடக்கணுமா?

லாட்ஜ்லயும் இதே கதை. சாவிக்குப் பதிலா கார்டு, கார்ட உருவுனா ஃபேனும் நின்னுடும். ஐயப்ப சீசன்ல மாலை போட்ட வயசானவங்க களைச்சுப்போய் வந்து, அந்தக் கார்ட எந்தப் பக்கம் காட்டுறதுன்னு தெரியாம கதவு முன்னாடி நிக்கிறாங்க, பாக்கவே வயிறெரியுது.

ஜப்பான்ல 2015ல ரோபோக்கள வச்சே தொறந்த ஹென் நா ஓட்டல்ல கூட 2019ல பாதிக்கு மேல ரோபோவத் தூக்கிட்டாங்க. கஸ்டமருக்கு இது ஒத்துவருதான்னு கேக்காம ஏங்க எல்லாத்தையும் மாத்துறீங்க? "என்னண்ணே சாப்புடுறீங்க"ன்னு ஒரு ஆள் வந்து கேட்டா என்ன கொறஞ்சு போயிரும்?